மீனுக்கு வலிக்காத பொறாமை

சகலையின் தூண்டில் பெட்டி திறந்தே கிடந்தது.

"அண்ணே, ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன். பெட்டியைக் கொஞ்சம் பார்த்துக்கங்க," என்று சொல்லிவிட்டுச் சகலை கொட்டகையை விட்டு வெளியே போயிருந்தார்.

பல்செட்காரர் பார்த்துக்கொண்டார். உள்ளே என்ன இருக்கிறது, எது எந்த அறையில் இருக்கிறது, எதைத் தொட்டால் வெளியே தெரியாது என்பது வரைக்கும் பார்த்துக்கொண்டார். அவர் கையில் பல்செட்டுக்குக் கம்பி வளைக்கிற சின்னக் குறடு இருந்தது. அது எப்போது சட்டைப் பையிலிருந்து கைக்கு வந்தது என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

பல்செட் கட்டுவதுதான் அவர் தொழில். ஊரில் வயசானவர்களில் பாதிப் பேர் தைரியமாகச் சிரிக்கிறார்கள் என்றால் அது அவர் கைவேலை. பல்லில்லாத வாயைப் பார்த்தால் அவர் மனசு இளகிவிடும். கெண்டை மீனுக்கு வாயில் பல் கிடையாது, தொண்டைக்குள்தான் இருக்கிறது. அதனாலோ என்னவோ அந்த மீன் மேல் அவருக்குத் தனிப் பரிவு.

ஏரியில் கெண்டை பிடிப்பவர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். பிடிப்பது, எடை பார்ப்பது, போட்டோ எடுப்பது, தண்ணீரிலேயே திரும்ப விட்டுவிடுவது. வீட்டுக்கு ஒரு செதில் கூடக் கொண்டுபோகக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஏரியில் உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும் கணவரைப் பற்றிப் பல்செட்காரரின் மனைவி தன் தங்கையிடம் போனில் நிறையவே பேசியிருந்தாள்.

மீனைத் திரும்ப விடுவதென்றால், அது நல்லபடியாகத் திரும்பவும் வேண்டும். தூண்டில் முள், நைலான் நரம்பு, ஈயக்குண்டு எல்லாம் சேர்த்துக் கட்டுகிற ஒரு சாண் நீளச் சமாச்சாரத்தை ஏரிக்காரர்கள் 'கட்டு' என்பார்கள். ஈயக்குண்டு ஒரு பிளாஸ்டிக் கிளிப்பில் தொங்கும். கிளிப்பின் வாயை ரப்பர் குழல் ஒன்று மூடியிருக்கும். எங்காவது சிக்கி நரம்பு அறுந்தால், ரப்பர் வழுக்கி, கிளிப் திறந்து, ஈயம் கீழே விழுந்துவிட வேண்டும். ரப்பரை இறுக்கிவிட்டால் ஈயம் விழாது. மீன் அதை இழுத்துக்கொண்டே அலைந்து, ஏதாவது ஒரு பாசிக்காட்டில் மாட்டிச் செத்துப்போகும்.

அதனால் சங்கத்தில் ஒவ்வொருவர் கட்டையும் சோதித்துப் பார்க்க ஓர் ஆள் உண்டு. கொட்டகையில் ஓர் இரும்பு வாளி இருக்கும். கட்டை அதற்கு மேலே பிடித்து ஓர் இழு இழுத்தால், ஈயம் 'டங்' என்று வாளியில் விழ வேண்டும். விழுந்தால் பாஸ். விழாவிட்டால் அன்றைக்குக் கரையில் உட்கார்ந்து தண்ணீரை வேடிக்கை பார்க்கலாம். அந்தச் சோதிக்கிற ஆள்தான் பல்செட்காரர். அந்தப் பதவியில் அவருக்கு இருந்த பெருமை, அவர் கல்யாணத்தில்கூட இருந்ததில்லை.

கொட்டகைச் சுவரில் ஒரே ஒரு மரச் சட்டம் தொங்கும். ஏரியில் பிடிபட்டதிலேயே பெரிய மீனும் அதைப் பிடித்தவரும் அதற்குள் இருப்பார்கள். பல வருஷமாக அதற்குள் இருந்தது பல்செட்காரர். அதைவிடப் பெரிய மீன் ஏரியில் ஒன்றுதான். அதற்கு 'மேனேஜர்' என்று பெயர். வரும், எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்க்கும், வாயில் போட்டுப் பார்த்துத் துப்பும், போய்விடும். வேலை எதுவும் நடக்காது. அதை யாரும் பிடித்ததில்லை, அதனால் பல்செட்காரரும் சட்டத்துக்குள் நிம்மதியாக இருந்தார்.

சகலை இந்த ஊருக்கு மாறி வந்து மெத்தைக் கடை போட்டதும் அந்த நிம்மதிக்கு வந்தது கேடு.

"தங்கச்சி வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை வீட்ல சும்மா உக்காந்திருக்காராம். உங்களோட ஏரிக்குக் கூட்டிட்டுப் போங்களேன்," என்றாள் மனைவி.

"அவருக்கு மெத்தை தைக்கத் தெரியும். கட்டு கட்டத் தெரியுமா?"

"நீங்க பொறக்கும்போதே கட்டிக்கிட்டே பொறந்தீங்களா? கத்துக் குடுங்க."

கற்றுக்கொடுத்தார். சகலையின் முதல் கட்டைப் பார்த்தபோது அவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. செருப்பு வாருக்கு முடிச்சுப் போட்ட மாதிரி இருந்தது. வாளியின் மேல் பிடித்து இழுத்தால் ஈயம் விழவில்லை, மொத்தக் கட்டும் அவிழ்ந்து வந்தது.

"பரவாயில்லை சகலை, போகப் போக வந்துடும்," என்று சொல்லிவிட்டு, வராது என்ற நிம்மதியோடு அன்று வீட்டுக்குப் போனார்.

அடுத்தடுத்த வாரங்களில் சகலை தட்டுத் தடுமாறி ஒரு கட்டைப் பாஸ் செய்துவிட்டார். அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை பல்செட்காரர் பொழுது பூராவும் உட்கார்ந்து வெறும் பாசியைப் பிடித்தபோது, சகலை ஒரு நடுத்தர மீனைப் பிடித்துவிட்டார். பல்செட்காரர் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

"தம்பி மீன் புடிச்சாராமே. நீங்க என்ன புடிச்சீங்க?" என்றாள் மனைவி.

"ஜலதோஷம்."

அந்த இரவு அவருக்குப் பொறாமை வந்தது. வயிற்றில் எரிச்சலாக ஆரம்பித்துத் தலைக்கு ஏறியது. அதை அவர் பொறாமை என்று ஒப்புக்கொள்ளவில்லை, 'கவலை' என்று பெயர் வைத்துக்கொண்டார். கற்றுக்குட்டி கையில் மீன் கஷ்டப்படுமே என்கிற கவலை.

அந்தக் கவலைதான் இப்போது குறடோடு சகலையின் பெட்டிக்கு முன்னால் நின்றது.

ஆனாலும் அவர் சோதிக்கிற ஆள். மீனுக்கு ஒரு கீறல் படக் கூடாது, சகலையிடம் ஒரு மீனும் படக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கொஞ்சம் யோசித்தார். பிறகு சகலையின் கட்டை எடுத்து, கிளிப்பை மூடியிருந்த ரப்பரை நன்றாகத் தளர்த்திவிட்டார். மீன் தொட்டு இழுத்த நொடியிலேயே ஈயம் விழுந்துவிடும். ஈயத்தின் கனம் இல்லாவிட்டால் முள் நிற்காது. மீன் வாயைத் துடைத்துக்கொண்டு போய்விடும். மீனுக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

சகலை திரும்பி வந்தார். "டீ நல்லா இருந்துச்சு அண்ணே," என்றபடி பெட்டியை மூடினார்.

அன்று மதியம் சகலையின் தூண்டிலை ஒரு மீன் இழுத்தது. ஈயம் விழுந்தது. அதுவரை கணக்குச் சரி. அதற்கப்புறம்தான் கணக்குத் தப்பியது. கனம் இருந்த அந்த ஒரு நொடியிலேயே முள் பதிந்துவிட்டது. கனம் போனதும், பாசிக்குள் புதைய வேண்டிய மீன் லேசாகி மேலே வந்தது. தண்ணீரின் மேற்பரப்பிலேயே வழுக்கிக்கொண்டு வந்து, தானாகவே வலைக்குள் ஏறிக்கொண்டது. பக்கத்துக் கரைகளில் இருந்தவர்கள் எல்லாம் பாசியோடு மல்லுக்கட்டி நரம்பை அறுத்துக்கொண்டிருந்த நாள் அது.

"எப்படி சகலை இவ்வளவு சுலபமா வந்துச்சு?" என்று பல்செட்காரர் கேட்டபோது குரல் அவருக்கே கீச்சென்று கேட்டது.

"எல்லாம் உங்க ஆசீர்வாதம் அண்ணே."

பல்செட்காரர் வீட்டு ஹாலில் அவருடைய பழைய மீன் போட்டோவின் பிரதி ஒன்று மாட்டியிருந்தது. மனைவி வாராவாரம் அதைத் துணியால் துடைப்பாள். அந்த வாரம் டிவியைத் துடைத்தாள், அலமாரியைத் துடைத்தாள், போட்டோவைத் தாண்டிப் போய் ஜன்னலைத் துடைத்தாள்.

"இதைத் துடைக்கலையே."

"எதை? ஓ, அதா. பார்க்கலை."

பல்செட்காரர் துணியை வாங்கித் தாமே துடைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு. சகலை பெட்டியைக் கொண்டுவந்து, போன வாரத்தைவிட இன்னும் கொஞ்சம் அவர் பக்கமாக வைத்தார்.

"ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன் அண்ணே."

இந்தத் தடவை அவர் ரப்பரைத் தொடவில்லை. முள்ளைப் பார்த்தார். தூண்டில் முள்ளின் நுனிக்குக் கீழே ஒரு சின்னக் கொக்கி நாக்கு உண்டு, ஏறிய முள் கழன்று வராமல் பிடித்துக்கொள்ள. அது மீனின் உதட்டைக் கிழிக்கும் என்பது பல்செட்காரரின் நெடுநாள் கட்சி. குறடால் சகலையின் முட்களை ஒவ்வொன்றாகப் பிடித்து அந்த நாக்கை அமுக்கித் தட்டையாக்கினார். இனி எந்த மீனும் ஒரு துள்ளு துள்ளினால் போதும், முள் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். வேலையை முடித்தபோது மனசாட்சி கொஞ்சம்கூட உறுத்தவில்லை. கிழிவதற்கு இருந்த உதடுகளை எல்லாம் காப்பாற்றியாகிவிட்டது.

நாக்கில்லாத முள் வழுக்கிக்கொண்டு வெளியே வரும் என்று நினைத்தவர், வழுக்கிக்கொண்டு உள்ளேயும் போகும் என்பதை நினைக்கவில்லை. வழக்கமாக வாயில் வைத்துத் துப்பிவிடுகிற மீன்கள் அன்று துப்புவதற்குள் மாட்டிக்கொண்டன. சகலை காலையில் ஒன்றும் மதியத்தில் ஒன்றுமாகப் பிடித்தார். எடுத்தவுடன் முள் கழன்று வந்தது, உதட்டில் ஊசி குத்திய தடம்கூட இல்லை.

ஏரிக்காவலர் வந்து பார்த்தார். ஏரியைப் பராமரிப்பதும் சங்கத்துக் கொட்டகையின் சாவியும் அவர் பொறுப்பு. சிரித்து யாரும் பார்த்திராதவர், அன்று சிரித்தார்.

"இந்த மாதிரி சுத்தமா மீனைத் திரும்ப விட்டு நான் பார்த்ததே இல்லை. எங்க, அந்தக் கட்டைக் காட்டுங்க."

சகலை காட்டினார். காவலர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ரப்பரைத் தடவினார். முள்ளைத் தன் சட்டையில் குத்தி இழுத்துப் பார்த்தார், நூல்கூட எழும்பவில்லை.

"இதையே மாதிரியா வெச்சு எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கணும்," என்றவர் பல்செட்காரர் பக்கம் திரும்பினார். "நீங்கதானே சோதிக்கறவரு. நீங்களே எல்லாரையும் கூப்பிட்டு விளக்கிடுங்க."

வேறு வழியில்லை. வாளிக்கு முன்னால் நின்று, சங்கத்து ஆட்கள் எல்லாரும் சுற்றி நிற்க, பல்செட்காரர் சகலையின் கட்டைத் தூக்கிப் பிடித்தார்.

"ரப்பர் பாருங்க, எவ்வளவு அளவா தளர்வா இருக்கு. இது சாதாரணமா வராது. கை பழகணும். இந்த முள்ளைப் பாருங்க, எவ்வளவு நேர்த்தியா அமுக்கியிருக்கு. ஒரு பிசிறு இல்லை. இதுக்குத் தனிப் பொறுமை வேணும்."

சொல்லச் சொல்ல அவரே கட்டை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டார். அவ்வளவு நல்ல வேலை அது.

"இதெல்லாம் எப்படிங்க கத்துக்கிட்டீங்க?" என்று ஒருவர் சகலையைக் கேட்டார்.

"நான் என்ன கண்டேன். அண்ணன் பார்த்துப் பாஸ் பண்ணது," என்றார் சகலை, தலையைக் குனிந்துகொண்டு. எல்லாரும் அந்த அடக்கத்தைப் பார்த்து மெச்சினார்கள்.

'அது நான் செஞ்சது' என்று கத்த வேண்டும் போல் பல்செட்காரருக்கு இருந்தது. கத்தினால் அடுத்த கேள்வி, 'அடுத்தவர் பெட்டியில உங்களுக்கு என்ன வேலை' என்பது. சோதிக்கிற பதவி போகும், மானமும் கூடவே போகும். அதனால் தன் கைவேலைக்குச் சகலை வாங்கிய பாராட்டைத் தானும் ஓரமாக நின்று கைதட்டி வழியனுப்பி வைத்தார். உலகத்தில் அடுத்தவன் வேலையைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள் கோடி. தன் வேலையைப் பார்த்தே பொறாமைப்பட்டு வெந்துபோனவர் அவர் ஒருத்தராகத்தான் இருப்பார்.

சரி, நாமும் அதையே கட்டினால் போகிறது என்று தோன்றியது. வாரம் முழுக்க ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து, ரப்பரைத் தளர்த்தி, முள்ளை அமுக்கி, அச்சு அசலாக அதே கட்டைத் தமக்கும் ஒன்று கட்டினார். ஞாயிறு காலையில் வாளிக்கு மேல் பிடித்தபோது காவலர் எட்டிப் பார்த்தார்.

"பரவாயில்லையே. சகலையைப் பார்த்துக் கத்துக்கிட்டீங்களா? நல்லதுதான். கத்துக்கறதுக்கு வயசு ஒரு தடையா?"

பல்செட்காரர் அந்தக் கட்டைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, தலைவலி என்று சொல்லி வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த ஞாயிறு ஏரிப் பக்கமே போகவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருந்தார்.

சாயங்காலம் வாசலில் சத்தம் கேட்டது. சகலை. கையில் பெட்டி.

"உடம்பு எப்படிண்ணே இருக்கு?"

"இருக்கு. இன்னைக்கு எத்தனை புடிச்சீங்க?"

"ஒண்ணுமே இல்லைண்ணே. முடிச்செல்லாம் தளர்ந்து போச்சு, புதுசா ஒரு கட்டு கட்டினேன், ஈயமே விழலை. காவலர் தண்ணிப் பக்கமே விடலை. நீங்க இல்லாம ஏரியே நல்லா இல்லை."

பல்செட்காரருக்கு உடம்பு கொஞ்சம் தேவலை போல் இருந்தது. எழுந்து உட்கார்ந்தார்.

"இருங்க தம்பி, டீ போடறேன்," என்று மனைவி அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"வேண்டாம் அண்ணி, நான் வெளிய போய்க் குடிச்சுக்கறேன். அண்ணே, பெட்டி இங்கயே இருக்கட்டும், வந்து எடுத்துக்கறேன்," என்று சொல்லிக் கட்டிலுக்குப் பக்கத்தில் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுச் சகலை வெளியே போய்விட்டார்.

மனைவி கரண்டியோடு வெளியே வந்தாள். "வீட்ல டீ போடறேன்னா தெருவுல போய்க் குடிக்கறாரு. ஏன், என் டீ அவ்வளவு மோசமா?"

"அவருக்குக் கடை டீதான் புடிக்கும். ஏரியிலயும் அப்படித்தான்," என்றார் பல்செட்காரர். கண் பெட்டி மேலேயே இருந்தது.

உள்ளே சகலை புதுசாகக் கட்டிய கட்டு கிடந்தது. கண்றாவி. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்குக் கை அரித்தது. அப்படியே விட்டால் சகலைக்கு மீன் கிடைக்காது, நல்லதுதான். ஆனால் ஒருவேளை கிடைத்து, ஈயம் விழாமல் அந்த மீன் பாசியில் மாட்டிச் செத்தால்? பல்லில்லாத அந்த வாய் கண் முன்னால் வந்து போனது. 'சே' என்று தலையில் அடித்துக்கொண்டு, கட்டை எடுத்து மொத்தமாக அவிழ்த்து, முடிச்சுகளை எல்லாம் ஒழுங்காகப் போட்டு, ரப்பரைத் தளர்த்தி, முள்ளை அமுக்கி வைத்துவிட்டார்.

வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது, வருகிற ஞாயிறு சீசனின் கடைசி ஞாயிறு. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் ஏரியை மூடிவிடுவார்கள். சட்டத்தில் யார் இருப்பது என்பது அன்றோடு முடிவாகும். இவ்வளவு நல்ல கட்டைச் சகலை கையில் கொடுத்து அனுப்புவதா?

அவர் கை வைக்காதது இன்னும் ஒன்றுதான் மிச்சம் இருந்தது, இரை. கெண்டைக்கு இரையை முள்ளில் குத்த மாட்டார்கள். முள்ளுக்குக் கீழே மெல்லிய நூலில் உருண்டையைத் தொங்கவிடுவார்கள், மீன் அதை உறிஞ்சும்போது முள் சும்மா கூடப் போகும். சகலையின் மாவு உருண்டைகள் ஒரு டப்பாவில் இருந்தன. பல்செட்காரர் அலமாரியைத் திறந்தார். பல்செட்டுக்கு ஈறு அமைக்கிற ரோஸ் நிற மெழுகுத் தகடு இருந்தது. வாசனை கிடையாது, ருசி கிடையாது. மாவு உருண்டையையே துப்புகிற மீன்கள் ஈறு மெழுகைத் திரும்பியும் பார்க்காது. அதே அளவில் உருட்டி, டப்பாவை நிரப்பினார். மாவு உருண்டைகளை ஜன்னல் வழியாக வீசினார். துப்பத் தெரியாத மீனா, பிடிக்காவிட்டால் துப்பிவிடும், ஆபத்தில்லை என்று அதையும் யோசித்துவிட்டுத்தான் செய்தார்.

சகலை வந்தார். டப்பாவைத் திறந்து பார்த்தார்.

"என்னண்ணே, உருண்டை ரோஸா இருக்கு?"

"வெளிச்சத்துக்கு அப்படித் தெரியும்."

"அப்படியும் இருக்கும்," என்று சொல்லிச் சகலை டப்பாவைப் பத்திரமாக மூடிக்கொண்டு போனார்.

கடைசி ஞாயிறு சங்கம் மொத்தமும் ஏரியில் இருந்தது. பல்செட்காரரும் சகலையும் பக்கத்துப் பக்கத்தில். மதியம் வரை யாருக்கும் ஒன்றும் இல்லை. பல்செட்காரர் ரொம்ப நாளைக்குப் பிறகு விசில் அடித்தார்.

"அண்ணே, இன்னைக்கு ஒரு டீ குடிக்கட்டுமா?" என்றார் சகலை.

"தாராளமா போய்ட்டு வாங்க. இன்னைக்கு உங்க பெட்டியில பார்க்கறதுக்கு ஒண்ணும் இல்லை," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்ப சரி, வேண்டாம்," என்று சகலை உட்கார்ந்துவிட்டார்.

ஏரியின் அடியில் அந்த நேரம் என்ன நடந்தது என்று நமக்குத்தான் தெரியும். மாவு உருண்டை தரையில் கிடக்கும், மெழுகு மிதக்கும். ஈயம் அடியில் கிடக்க, ரோஸ் உருண்டை மட்டும் பாசிக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் எழும்பி நின்றது. மேனேஜர் வழக்கம் போல் சுற்றுப் பார்க்க வந்தது. இத்தனை வருஷத்தில் இந்த ஏரியில் போடாத மாவு இல்லை, கலக்காத வாசனை இல்லை, எல்லாவற்றையும் அது துப்பியிருக்கிறது. வாசனையே இல்லாத ஒன்றை இப்போதுதான் பார்க்கிறது. சந்தேகப்படக் காரணம் எதுவும் இல்லை.

சகலையின் தூண்டிலில் கட்டியிருந்த மணி அடித்தது. நரம்பு ஏரியின் நடுவை நோக்கி ஓடியது. ஈயம் விழுந்தது, மீன் மேலே வந்தது, கரையிலிருந்த எல்லாரும் எழுந்து நின்றார்கள். அந்த முதுகை அடையாளம் தெரியாதவர் அங்கே யாரும் இல்லை.

"அண்ணே, வலை, வலையைப் புடிங்கண்ணே," என்றார் சகலை.

பக்கத்தில் இருந்தவர் அவர்தான். வலையைக் கையில் வைத்துக்கொண்டு பல்செட்காரர் ஒரு நொடி நின்றார். கொஞ்சம் தாமதித்தால் போதும், முள்ளில் நாக்கு இல்லை, மீன் போய்விடும், சட்டம் தப்பிக்கும். அந்த ஒரு நொடியில் அவர் எவ்வளவு சின்ன மனுஷனாக இருக்க முடியும் என்பது அவருக்குத் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து மேனேஜர் தண்ணீருக்கு மேலே வாயைத் திறந்தது. பல்லே இல்லாத, வயசான, பெரிய வாய்.

அவர் கால்சட்டையோடு தண்ணீரில் இறங்கி வலையை அதன் கீழே கொடுத்துத் தூக்கினார்.

சகலை கடையிலிருந்து கொண்டுவந்திருந்த மெத்தையின் மேல் தண்ணீரை ஊற்றி, கையை நனைத்துக்கொண்டு, மீனைப் படுக்க வைத்தார்கள். பல்செட்காரர்தான் முள்ளை எடுத்தார். தொட்டதும் வந்துவிட்டது. உதட்டைத் திருப்பிப் பார்த்தார், ஒரு கீறல் இல்லை. அவருக்குப் பெருமையில் கண் கலங்கியது, பொறாமையில் வயிறு எரிந்தது, இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் வரலாம் என்று அன்றுதான் கற்றுக்கொண்டார்.

"போட்டோக்கு அண்ணனும் வரணும்," என்று சகலை பிடிவாதம் பிடித்தார்.

"எதுக்கு? புடிச்சது நீங்க."

"அண்ணன் இல்லாம எடுக்க மாட்டேன்."

மீனை வெயிலில் ரொம்ப நேரம் வைத்திருக்க முடியாது என்பதால் போய் நின்றார். காவலர் சட்டத்துக்கு அளவாகப் போட்டோவை வெட்டி மாட்டியபோது, அதில் சகலை இருந்தார், மேனேஜர் இருந்தது, ஓரத்தில் பல்செட்காரரின் முழங்கை இருந்தது. பழைய போட்டோவைக் காவலர் அவர் கையில் கொடுத்தார்.

"வீட்ல எங்கயாவது மாட்டிக்கங்க," என்றார்.

அன்று சாயங்காலம் சகலை வீட்டில் எல்லாரும் கூடியிருந்தார்கள். மனைவி தங்கை வீட்டு ஹாலில் உட்கார்ந்து போனில் அந்தப் புதுப் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு பெரிசு பாருங்க. இது யாரு கை, ஓரத்துல அசிங்கமா?"

"தெரியலை," என்றார் பல்செட்காரர்.

சகலை உள்ளே குளித்துக்கொண்டிருந்தார். மச்சினி தட்டில் டீ கொண்டுவந்தாள். மூன்று டம்ளர்தான் இருந்தது.

தோற்றவனுக்குக் கொஞ்சம் பெருந்தன்மையாவது மிஞ்சட்டுமே என்று பல்செட்காரருக்குத் தோன்றியது. தன் டம்ளரை எடுத்து நீட்டினார்.

"இதைச் சகலைக்கு வெச்சிடும்மா. பாவம், இன்னைக்கு ஏரியில டீக்குக்கூடப் போகலை. ஒவ்வொரு வாரமும் தவறாம போய்க் குடிச்சிட்டு வர்ற மனுஷன்."

மச்சினி டம்ளரை வாங்காமல் சிரித்தாள்.

"அவரா? அவருக்கு டீ வாசனையே ஆகாது அத்தான், கல்யாணத்திலேர்ந்து ஒரு வாய் குடிச்சதில்லை. பெட்டியை உங்க பக்கத்துல திறந்து வெச்சிட்டுக் கொட்டகைக்குப் பின்னாடி கொஞ்ச நேரம் நின்னா, கட்டு தானா சரியாயிடும்னு சொல்வாரு."